சீடை வெடிக்காமலும் தேன்குழல் நமுக்காமலும் இருக்க

பட்சணம் சரியாக வரவில்லை என்றால் எல்லோரும் முதலில் எண்ணெயைத்தான் குறை சொல்வார்கள். எண்ணெய் காயவில்லை, தீ அதிகமாகிவிட்டது, எண்ணெயே நல்லதில்லை என்று. கோளாறு கண்ணில் படுவது எண்ணெயில்தான். ஆனால் தேன்குழல் கல்லாகப் போவதும், மறுநாளே சவசவத்துப் போவதும், சீடை வெடிப்பதும் பெரும்பாலும் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகின்றன. மாவில் எவ்வளவு ஈரம் இருக்கிறது, அந்த ஈரம் எண்ணெயில் வெளியேற வழி இருக்கிறதா என்ற இரண்டையும் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதனால் மாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அரிசி. தஞ்சை, திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் தீபாவளி வருகிற சமயத்தில் குறுவை அறுவடையாகிப் புது நெல் வந்திருக்கும். புத்தரிசி பொங்கலுக்கு நல்லது, பட்சணத்துக்கு ஆகாது. புது அரிசி மாவு பிசுபிசுக்கும், தண்ணீரைச் சரியாக இழுக்காது, பிழிந்தால் ஒன்றோடொன்று ஒட்டும், பொரித்து எடுத்தாலும் உள்ளே மெத்தென்று நிற்கும். தை மாதம் அறுத்த சம்பாவின் பச்சரிசி, ஆவணி கோகுலாஷ்டமிக்கு ஏழு மாதமும் ஐப்பசிக்கு ஒன்பது மாதமும் பழகியிருக்கும். அதுதான் சரி. மளிகைக்கடையில் மாவுப் பச்சரிசி என்று கேட்டு, பழசா என்றும் கேட்டு வாங்குங்கள். குண்டு ரகமே போதும். சன்ன ரகத்துக்குக் கூடக் காசு கொடுப்பதால் முறுக்குக்கு எந்த லாபமும் இல்லை.

அரிசியை இரண்டு மூன்று முறை கழுவி ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். அதற்கு மேல் வேண்டாம். வடிகட்டி, வெள்ளைத் துணியில் நிழலில் பரப்பிப் பதினைந்து இருபது நிமிடம் விடுங்கள். கையில் எடுத்தால் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் அரிசி விரலில் ஒட்டக் கூடாது. அதுதான் அரைக்கிற பதம். இதைவிடக் காய்ந்துவிட்டால் மாவு நறநறக்கும். ஈரமாக இருந்தால் மிக்ஸியில் கட்டி பிடிக்கும். அரைத்ததும் சலித்து, சல்லடையில் தங்குகிற குருணையை மறுபடி அரைத்துச் சலியுங்கள். கடைசியில் மிஞ்சுகிற குருணை கஞ்சிக்கோ உப்புமாவுக்கோ போகட்டும். அதைப் பட்சண மாவில் திருப்பிச் சேர்க்க வேண்டாம்.

இந்த ஈரமாவு ஒன்றே. ஆனால் ஒவ்வொரு பட்சணத்துக்கும் அதை வேறு வேறு அளவு காய வைக்க வேண்டும். கைச்சுற்று முறுக்குக்கு ஈரமாவு அப்படியே வேண்டும், வறுக்கவே கூடாது. தேன்குழலுக்கு வாணலியில் சூடேறும்வரை இரண்டு மூன்று நிமிடம் புரட்டினால் போதும். சீடைக்கு நன்றாக வறுக்க வேண்டும். நிறம் மாறக் கூடாது, ஆனால் ஆவி வருவது நின்று, மாவு கரண்டியில் லேசாக ஓட வேண்டும். விரலால் கொஞ்சம் எடுத்துத் தரையில் கோலம் இழுத்தால் இழை அறுபடாமல் விழ வேண்டும். பதம் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து வேறில்லை. இழை விட்டுவிட்டு விழுந்தால் மாவில் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். வறுத்த மாவு ஆறியதும் மறுபடி சலிக்க வேண்டும், ஏனென்றால் வறுக்கும்போது சின்னச் சின்னக் கட்டிகள் உண்டாகும்.

மழை நாளில் மாவை வெயிலில் உலர்த்திக்கொள்ளலாம் என்று நம்பி இருக்காதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் நாகப்பட்டினம், வேதாரண்யம் மாதிரிக் கடலோர ஊர்களில் டப்பாவில் வைத்த மாவே ஈரம் இழுத்துக்கொள்ளும். முன்பே அரைத்து வைத்த மாவானாலும் கடைமாவானாலும், பிசைகிற அன்றைக்கு ஒருமுறை சூடு காட்டி, ஆறவிட்டுப் பிசையுங்கள்.

அடுத்தது உளுந்து. சம்பா அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போதே நெற்பயிருக்கு நடுவில் உளுந்தைத் தெளித்துவிட்டு, அறுத்தபின் தரிசில் வளரவிடுவது டெல்டா வழக்கம். ஆக, தேன்குழலுக்கு வேண்டிய இரண்டு தானியமும் ஒரே வயலில் அடுத்தடுத்து விளைவதுதான். தோல் நீக்கிய உளுந்தை மிதமான தீயில் வாசனை வந்து லேசாகச் சிவக்கத் தொடங்கும்வரை வறுங்கள். பொன்னிறம் தாண்டினால் தேன்குழல் மங்கிய நிறத்தில் வரும். வறுக்காமல் விட்டால் பச்சை வாடை அடிக்கும். ஆறியபின் நைசாக அரைத்து, இருப்பதிலேயே சன்னமான சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள்.

உளுந்து எதற்கு? வெறும் அரிசி மாவு பொரிந்தால் கெட்டியாக, கடிக்க முடியாமல் வரும். உளுந்தின் புரதமும் வழவழப்பும் மாவைப் பிணைத்து, ஆவி உள்ளே சின்னச் சின்ன இடைவெளிகளை உண்டாக்க இடம் கொடுக்கின்றன. அந்த இடைவெளிகள்தான் கடிக்கும்போது நொறுங்குகின்றன. படி அரிசிக்கு ஆழாக்கு உளுந்து என்பது பழைய கணக்கு, அதாவது எட்டுக்கு ஒன்று. உழக்கு போடுகிற வீடுகளும் உண்டு, அது நாலுக்கு ஒன்று. முதலாவது கரகரப்பாகவும் நாள்பட நிற்பதாகவும் இருக்கும். இரண்டாவது இலேசாக இருக்கும், ஆனால் எண்ணெய் கொஞ்சம் கூடக் குடிக்கும். நான் இரண்டுக்கும் நடுவில் வைத்துக்கொள்வேன்.

தேன்குழல் அளவு: அரிசி மாவு 500 கிராம், வறுத்தரைத்த உளுந்து மாவு 80 கிராம், வெண்ணெய் 50 கிராம், உப்பு 10 கிராம், சீரகம் 2 தேக்கரண்டி, சுண்டைக்காய் அளவு கட்டிப் பெருங்காயம்.

கல்லுப்பையும் பெருங்காயத்தையும் வெந்நீரில் கரைத்து, வடிகட்டிச் சேர்ப்பதுதான் சரியான முறை. வேதாரண்யத்துக் கல்லுப்பில் மண் தங்கியிருந்தால் அதுவும் அடியில் நின்றுவிடும். தூள் உப்பானாலும் மாவில் நேரடியாகத் தூவாதீர்கள். கரையாத உப்பு தன்னைச் சுற்றி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

வெண்ணெயை மாவில் போட்டு, தண்ணீர் சேர்ப்பதற்கு முன்பே விரல்நுனியால் நன்றாகத் தேய்த்துக் கலக்க வேண்டும். கொழுப்பு மாவின் மேல் படர்ந்தால் மாவு அளவுக்கு மீறி இறுகாது. ஒரு பிடி எடுத்து அமுக்கினால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிடிபடவே இல்லையென்றால் வெண்ணெய் போதாது, முறுக்கு கடுக்கென்று இருக்கும். உதிரவே மாட்டேன் என்றால் வெண்ணெய் அதிகம், எண்ணெயில் போட்டதும் முறுக்கு பிரிந்து தூளாகப் போகும். வெண்ணெய்க்குப் பதில் காய்ச்சிய எண்ணெய் ஊற்றலாம். கரகரப்பு வரும், ஆனால் வாயில் கரைகிற தன்மை வராது. சோடா உப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். மாவைப் பொருபொருவென்று ஆக்கி எண்ணெய் குடிக்க வைக்கும், நிறத்தையும் சிவக்கடிக்கும்.

தண்ணீர், சூடு காட்டிய மாவுக்கு 400 மில்லி சுமாராகப் பிடிக்கும். மாவின் ஈரத்தைப் பொறுத்து 50 மில்லி கூடலாம், குறையலாம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டும். அச்சில் போட்டு அழுத்தும்போது இழை வெடிப்பில்லாமல், அறுபடாமல் இறங்க வேண்டும். இழையின் ஓரம் முள்முள்ளாகப் பிய்ந்தால் தண்ணீர் போதாது, கையை நனைத்து மறுபடி பிசையுங்கள். இழை தொங்கி நீண்டால் தண்ணீர் அதிகம். உலர்ந்த மாவைத் தூவிச் சரிசெய்யலாம், ஆனால் அதில் உப்பு குறைவதை நினைவில் வையுங்கள். எல்லா மாவையும் ஒரே தடவையில் பிசைந்து வைக்கக் கூடாது. பிசைந்த மாவு நேரம் போகப்போகக் காய்ந்து, சிவந்து பொரியும். கடைசி ஈடு மட்டும் நிறம் கறுத்து வருவதற்கு இதுதான் காரணம். இரண்டு மூன்று ஈட்டுக்கு வேண்டியதைப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி வையுங்கள்.

வாணலியில் எண்ணெய் பாதிக்கு மேல் வேண்டாம், ஒரு லிட்டருக்குக் குறைவாகவும் வேண்டாம். எண்ணெய் குறைவாக இருந்தால் மாவு விழுந்ததும் சூடு சட்டென்று இறங்கிவிடும், திரும்ப ஏறுவதற்குள் முறுக்கு எண்ணெயைக் குடித்துவிடும். கடலை எண்ணெய்தான் எங்கள் பக்கத்து ருசி. தெர்மாமீட்டர் இருந்தால் 175 டிகிரி செல்சியஸ். இல்லாதவர்கள் மிளகளவு மாவைப் போட்டுப் பாருங்கள். அடியில் தங்கினால் காயவில்லை, போட்ட நொடியே மேலே வந்து சிவந்தால் சூடு அதிகம், அடியைத் தொட்டு உடனே மேலே வந்தால் சரி.

பிழிந்ததும் நுரையும் சடசடப்பும் அடங்காமல் இருக்கும். அது மாவின் தண்ணீர் ஆவியாகப் போகிற சத்தம். முதல் அரை நிமிடம் கரண்டியால் தொடாதீர்கள், பிறகு திருப்பிவிடுங்கள். எப்போது எடுப்பது என்பதைக் காதால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சத்தம் அடங்கி, குமிழிகள் ஒன்றிரண்டாகக் குறைந்ததும் எடுத்துவிடலாம். நல்ல தேன்குழல் வெளுப்பாகத்தான் இருக்கும், சிவக்கட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

எடுக்கிற முறையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. எண்ணெய் உள்ளே இறங்குவது பெரும்பாலும் பொரியும்போது இல்லை, எடுத்த பிறகு. பொரிகிற வரை உள்ளிருந்து ஆவி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். வெளியே எடுத்து ஆறத் தொடங்கியதும் உள்ளே இருக்கிற ஆவி சுருங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே ஜல்லிக்கரண்டியில் எடுத்து வாணலிக்கு மேலேயே பத்து நொடி சாய்த்துப் பிடித்து வடியவிடுங்கள். பிறகு வடிதட்டில் பக்கவாட்டில் நிற்கிற மாதிரி சாய்த்து வையுங்கள். சூட்டோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கீழே இருப்பது எண்ணெயும் ஆவியும் சேர்ந்து நமுத்துவிடும்.

இப்போது சீடை. இதைப் பற்றித்தான் பலருக்கும் பயம், பயப்பட நியாயமும் இருக்கிறது. தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் கேட்கும். தேன்குழல் மெல்லிய இழை, ஆவி எந்தப் பக்கமும் போகலாம். தட்டையில் துளை போட்டுக்கொள்கிறோம். சீடையோ உருண்டை. சூடான எண்ணெயில் விழுந்ததும் மேல்தோல் இறுகிவிடுகிறது, உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் ஆவியாகி வழி தேடுகிறது, வழி இல்லாதபோது உருண்டையையே பிளக்கிறது. சீடைக்குச் சொல்லப்படுகிற எல்லாப் பக்குவமும் ஒன்று உள்ளே ஈரத்தைக் குறைப்பதற்கு, அல்லது ஆவிக்கு வழி விடுவதற்கு.

அளவு: கோலப் பதத்துக்கு வறுத்துச் சலித்த அரிசி மாவு 300 கிராம், உளுந்து மாவு 20 கிராம், வெண்ணெய் 30 கிராம், துருவிய தேங்காய் 2 மேஜைக்கரண்டி, கடலைப்பருப்பு 1 மேஜைக்கரண்டி, எள் 1 தேக்கரண்டி, கரைத்து வடிகட்டிய உப்பும் பெருங்காயமும்.

உளுந்தைக் கூட்டினால் இன்னும் மொறுமொறுப்பு வரும் என்று நினைக்கத் தோன்றும். சீடையில் அது ஆபத்து. உளுந்து அதிகமானால் உருண்டை உப்பும், உப்பினால் வெடிக்கும். உளுந்துக் குருணை ஒன்றிரண்டு தங்கினாலும் அதைச் சுற்றி ஈரம் நின்று அங்கேதான் பிளக்கும். தேங்காயை ஈரம் போக வாணலியில் ஒரு புரட்டுப் புரட்டிச் சேருங்கள், நிறம் மாற வேண்டாம். கடலைப்பருப்பை ஒரு மணி நேரம் ஊற வைத்து, வடித்து, துணியில் ஒற்றி எடுங்கள். தேங்காயும் பருப்பும் இல்லாமல் வெறும் எள் மட்டும் போட்டால் ஆபத்து இன்னும் குறையும்; முதல் தடவை செய்கிறவர்களுக்கு அதையே சொல்வேன். எள்ளைக் கல் மண் போக அரித்து உலர்த்திப் போடுங்கள்.

பிசையும்போது தண்ணீரைத் தெளித்துத் தெளித்துச் சேர்க்க வேண்டும். மாவு திரண்டால் போதும், சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசையக் கூடாது. உருட்டும்போதும் அப்படியே. சுண்டைக்காய் அளவுக்கு எடுத்து, இரண்டு விரலால் லேசாக உருட்டிப் போடுங்கள். உள்ளங்கையில் அழுத்தி வழவழப்பாக உருட்டினால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த வழவழப்பான தோல்தான் ஆவியை அடைத்து வைக்கிறது. மேலே சின்னக் கீறல்கள் தெரிந்தால் நல்லது. பெரிய உருண்டையாக வந்தால் ஊசியால் ஒரு குத்துக் குத்துங்கள். உருட்டியதை வெள்ளைத் துணியில் கால் மணி நேரம் உலரவிடுங்கள். மணிக்கணக்காக விட்டால் மேலே மட்டும் காய்ந்து தோல் கட்டிவிடும், அதுவும் வெடிப்புக்கு வழிதான்.

எண்ணெய் தேன்குழலுக்கு இருந்ததைவிடச் சூடு குறைவாக, 160 டிகிரி அளவில் இருக்கட்டும். முதலில் மூன்று நான்கு சீடைகளை மட்டும் போட்டு, ஒரு தட்டை முகத்துக்கும் வாணலிக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு தள்ளி நில்லுங்கள். குழந்தைகள் சமையலறையில் வேண்டாம். அந்த நாலும் ஒழுங்காகப் பொரிந்து, கலகலவென்று சத்தம் கேட்டால் மீதியைப் போடலாம். ஒரு ஈட்டுக்கு எண்ணெயின் மேற்பரப்பில் பாதி மூடுகிற அளவுக்கு மேல் போடாதீர்கள். பொரிய எட்டிலிருந்து பத்து நிமிடம் ஆகும். தீயைக் கூட்டி அவசரப்பட்டால் வெளியே சிவந்து உள்ளே மாவாகவே இருக்கும்.

ஒன்று வெடித்தால் அடுப்பை அணைத்துவிட்டு விலகிவிடுங்கள். எண்ணெயில் இருப்பதை எட்டி எடுக்கப் போகாதீர்கள். ஐந்து நிமிடம் கழித்து எடுத்தால் போதும். மீதி மாவை மறுபடி உருட்டிப் பார்ப்பதில் அர்த்தமில்லை, மாவில் இருக்கிற ஈரம் அப்படியேதான் இருக்கும். அதைத் தட்டையாகத் தட்டி, முள்கரண்டியால் குத்திப் பொரித்துவிடுங்கள். ருசியில் ஒரு குறையும் இருக்காது.

தட்டைக்கு அரிசி மாவு 500 கிராமுக்கு உளுந்து மாவும் பொட்டுக்கடலை மாவும் 50 கிராம் வீதம், வெண்ணெய் 50 கிராம், மிளகாய்த்தூள், ஈரமில்லாத கறிவேப்பிலை. கடலைப்பருப்பு இரண்டு மணி நேரம் ஊற வேண்டும், இல்லாவிட்டால் பல்லுக்குக் கேடு. வாழையிலையில் எண்ணெய் தடவி 2 மில்லிமீட்டர் கனத்துக்குத் தட்டி, ஐந்தாறு இடத்தில் குத்தி, மிதமான தீயில் பொரியுங்கள். பூரி மாதிரி உப்பினால் குத்தியது போதவில்லை. நடுவில் மெத்தென்று இருந்தால் கனம் அதிகம், அல்லது தீ அதிகம்.

கைச்சுற்று முறுக்கு கல்யாணச் சீரில் வைக்கிற பட்சணம், ஐந்து சுற்று ஏழு சுற்று என்று சுற்றுக் கணக்கு உண்டு. வறுக்காத ஈரமாவு 500 கிராமுக்கு உளுந்து மாவு 30 கிராம்தான், வெண்ணெய் 40 கிராம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாவை முறுக்கிக்கொண்டே இழுக்க வேண்டும். மாவு விரிசல் விட்டால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். சுற்றியதைத் துணியில் பத்து நிமிடம் விட்டு, தோசைத்திருப்பியால் எடுத்து எண்ணெயில் நழுவவிடுங்கள். இதற்குக் கை பழக வேண்டும், எழுதிச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

மாவை உலர்த்தி, வறுத்து, சலிக்கிற தொல்லை வேண்டாம் என்பவர்களுக்குப் புழுங்கலரிசி முறுக்கு நல்லது. இட்லி அரிசி 500 கிராமை நாலு மணி நேரம் ஊற வைத்து, காய்ந்த மிளகாய், உப்பு சேர்த்து, எவ்வளவு குறைவாகத் தண்ணீர் விட முடியுமோ அவ்வளவு விட்டு கிரைண்டரில் நைசாக அரையுங்கள். 150 கிராம் பொட்டுக்கடலை மாவும் வெண்ணெயும் சேர்த்தால் பிழிகிற பதம் வந்துவிடும். தண்ணீர் கூடிப்போய்ப் பொட்டுக்கடலை மாவை அள்ளிக் கொட்டினால் முறுக்கு உதிரும், சீக்கிரம் சிவக்கும்.

எல்லாம் நன்றாக ஆறிய பிறகுதான் டப்பா. கைச்சூடு இருக்கும்போது மூடினால் அந்த ஆவியே நமுக்க வைத்துவிடும். இறுக மூடுகிற எவர்சில்வர் தூக்கு அல்லது தகர டின் நல்லது. தினமும் திறந்து எடுக்க ஒரு சின்ன டப்பா, மீதிக்குப் பெரிய டின் என்று பிரித்து வையுங்கள். அடைமழை நாளில் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஈரக்காற்று உள்ளே போகிறது. தேங்காய் சேர்த்த சீடையை ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். தேன்குழல் மூன்று வாரம் வரை நிற்கும். நமுத்த தேன்குழலை மறுபடி எண்ணெயில் போடாதீர்கள், கூடுதலாக எண்ணெய்தான் குடிக்கும். அடிகனமான வாணலியை நன்றாகச் சூடாக்கி அடுப்பை அணைத்து, அதில் பரப்பிப் பத்து நிமிடம் வையுங்கள், அல்லது ஓவனில் 110 டிகிரியில் பத்து நிமிடம். ஆறியதும் கரகரப்பு திரும்பிவிடும். சிக்கு வாடை வந்துவிட்டால் எதுவும் செய்ய முடியாது, கொட்டிவிட வேண்டியதுதான்.

மிஞ்சிய எண்ணெயை ஆறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டி மாவுத் துகள் போக எடுத்து வைத்து, ஒரு வாரத்துக்குள் தாளிக்கவும் குழம்புக்கும் தீர்த்துவிடுங்கள். பொரித்த எண்ணெயில் கெட்டுப்போன பொருட்கள் 25 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்று 2018 ஜூலை முதல் இந்தியாவில் விதி இருக்கிறது. வீட்டில் அதை அளக்க முடியாது. எண்ணெய் கறுத்துப் பிசுபிசுத்தாலோ, காய்ச்சினால் நுரை அடங்காமல் நின்றாலோ, வழக்கமான சூட்டுக்கு முன்பே புகைந்தாலோ அதோடு நிறுத்திவிடுங்கள். அதைச் சிங்க் குழாயில் ஊற்றாமல், பாட்டிலில் அடைத்துக் குப்பையோடு கொடுங்கள்.